இரண்டு பனையும் ஒன்றாகும் கோடு

நாடே மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றதே, வள்ளமெல்லாம் கரையில் காய்ந்து கிடந்ததே, அந்த வருசம்தான், கூட்டாளி, நீர் கண்ணை மூடினீர். வருசத்தின் இலக்கம் எனக்குத் தெரியாது. எழுதுகிறவள் என் மருமகள், சொல்கிறவன் நான்.

இன்று காலையும் இரட்டைப் பனையடிக்குப் போனேன். நடுவே சிவப்புப் பூசிய முளை ஒன்று அடித்திருக்கிறார்கள். பூச்சு மணம் இன்னும் போகவில்லை. நெடுந்தீவுக்கு வரும் கரண்ட் எடுக்கும் காற்றாடிகளில் ஒன்று அங்கே நிற்குமாம், பனைகளைத் தறித்துவிடுவார்களாம். வீட்டுக்கு வந்தேன். இருக்க முடியவில்லை. திரும்பவும் போய்ப் பார்த்தேன்.

நேற்றுக் கோயில் வளவில் கூட்டம். வரைபடத்தில் வீடு, கிணறு, மாடு மேயும் தரவை, குதிரை நிற்கும் வெளி எல்லாவற்றுக்கும் நிறம் தீட்டியிருந்தார்கள். வெள்ளையாய் விட்ட இடம்தான் காற்றாடிக்கு. ஒரு வெள்ளை வடக்கே. மற்றது எங்கள் பனையடி. முளை இப்போதைக்குப் பனையடியில்.

"இந்த இடத்திலை ஆருக்கும் ஏதும் இருக்கோ?" என்று வரைபடம் கொண்டுவந்த பிள்ளை கேட்டாள்.

கதைக்க எழும்பினேன். பிறகு குந்திவிட்டேன்.

"என்ன அப்பு, கதையோ, கால் விறைப்போ?" என்றான் பின்னால் ஒருத்தன். வளவே சிரித்தது.

என்னத்தைச் சொல்வேன்? நிலத்தில் ஒன்றும் இல்லைத்தான். கடலில் நின்று பார்த்தால் அல்லவா தெரியும்! ஒரு பனைக்குப் பின்னால் மற்றது மறைந்து இரண்டும் ஒற்றைப் பனையாகும் கோட்டில்தான், கடலுக்கடியில் எங்கள் கற்பார், மீன் அடையும் பாறைத்திட்டு, கிடக்கிறது. இன்னொரு குறியும் வேண்டும். அதை மருமகளுக்கும் சொல்லவில்லை. பேனையை வைத்துவிட்டு என்னையே பார்க்கிறாள்.

முதன்முதல் அங்கே கலவாய் மீன் அள்ளிவந்த அன்று நீர், நான், சூசை மூவரும் கோயில் கொடிமரத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ணினோம்: மூவரும் சம்மதியாமல் நாலாம் காதுக்குப் போகாது. "பாரைக் காட்டினவன் தோணியை வித்தவன், கண்டீரோ வஸ்தியான்" என்று என்னிடம் சொன்னீர்.

காற்றாடி வேண்டாம் என்கிறவன் அல்ல நான். கரண்ட் மெசினுக்கு எண்ணெய் வராத நாளில் ஐஸ் இல்லை. "பிடிக்கிற மீனுக்கெல்லாம் உப்புப் போடவோ பிறந்தனாங்கள்?" என்று வைத நீர்தான் முதலில் கை உயர்த்தியிருப்பீர். ஆனால் பனை விழுந்தால் பாரும் போச்சு. இந்த வயதிலும் என் வீட்டு உலை அதனால்தான் கொதிக்கிறது. வாய் திறந்தால் முளை வடக்கே போகும். பார் ஊருக்குப் பொதுவாகும்.

நாளைக்கு மறுபடி கூட்டம். அதோடு முடிவு. சூசை உமக்கு முந்தியே போய்விட்டான். உம்மிடம் பனையடியில் நின்று சம்மதம் கேட்டுப் பார்த்தேன், காற்றுத்தான் இரைந்தது. நாளைக்குக் கூட்டத்தில் எழும்பினால் சொல்லாமல் குந்தமாட்டேன். சத்தியம் பண்ணினவர்களில் சம்மதம் சொல்ல மிச்சம் இருக்கிறது வஸ்தியான் ஒருவன்தான்.