படித்துக் காட்டிய பத்திரம்

வில்லாபுரம், மதுரை
3.3.2025

மதிப்பிற்குரிய சோலையம்மாள் அக்காவுக்கு,

1. இதை எழுதுபவன், உங்கள் கணவர் காளை அண்ணன் காலம் முதல் உங்கள் குடும்பத்துக்கு வழக்கறிஞராக இருந்துவரும் வெங்கடரமணன், வயது 57.

2. தூரத்துப் பார்வை இருந்தும் கிட்டத்து எழுத்து தெரியாத என் கண்களுக்குச் சென்ற வாரம் லேசர் சிகிச்சை செய்துகொண்டேன். பார்வை நிலைபெற ஆறு வாரம் ஆகலாம், படிக்கும் கண்ணாடி பிறகும் தேவைப்படலாம் என்றார் மருத்துவர். ஆயினும் இக்கடிதத்தைக் கண்ணாடியின்றியே எழுதுகிறேன். பழைய கண்ணாடியை நேற்றே யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

3. நிலத்தில் பாதி மகன் தங்கப்பாண்டிக்கு. கிணற்றோடு சேர்ந்த மறுபாதி, மகள் முத்துமீனாவுக்காக உங்களிடமே இருக்கும். நீங்கள் சொன்ன இதையே வாசகமாக எழுதித் தங்கப்பாண்டியிடம் கொடுத்துள்ளேன். காளவாசல் கடையொன்றில் தட்டச்சு செய்து கொண்டுவருவார். வியாழனன்று பதிவு அலுவலகத்தில் வழக்கம்போல் நானே படித்துக் காட்டுவேன். அதைக் கேட்ட பிறகே ரேகை வையுங்கள்.

அன்புடன்,
வெங்கடரமணன்

எழுமலை
28.3.2025

வக்கீல் தம்பிக்குச் சோலையம்மா சொல்லி எழுதுறது.

வசுந்தராவும் நீங்களும் சொகமா? கண்ணு எப்படி இருக்கு?

தங்கப்பாண்டி கிணத்து மேட்டுலயும் டிராக்டர விட்டுட்டான். ஏன்டான்னு கேட்டா, "அம்புட்டும் எனக்குன்னுதான ரேகை வச்ச"ங்குறான். இத எழுதிக் குடுக்குற ஆர்த்திகா டீச்சர் பத்திரத்த வாசிச்சுப் பாத்துட்டு, ஆமாங்குது. நீங்க படிக்கையில பாதின்னுதான தம்பி எங் காதுல விழுந்துச்சு? எனக்குத்தான் காது போச்சா? முத்துமீனா அடுத்த வெள்ளிக்கிழம வாரேன்னிருக்கா. அவ மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?

ஒரு வார்த்த எழுதுங்க.

வில்லாபுரம், மதுரை
1.4.2025

அக்காவுக்கு,

உங்கள் காதில் குறையில்லை.

அன்று தாளை விரித்ததும் எழுத்துகள் கலங்கின. கையை நீட்டிப் பிடித்தேன், அப்போதும் தெளியவில்லை. "புதுக் கண்ணு ராசா மாதிரில்ல படிக்கும்!" என்று நீங்கள் சிரித்தீர்கள். தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, நான் எழுதிக் கொடுத்திருந்த வாசகத்தை நினைவிலிருந்து ஒப்பித்தேன். தாளில் இருந்தது வேறு. தங்கப்பாண்டி தலை குனிந்து நின்றார். அதை மரியாதை என்று எண்ணினேன்.

பதிவான பத்திரத்தை நீங்களாகவோ நானாகவோ ரத்து செய்ய இயலாது. நீதிமன்றம் செல்ல வேண்டும். அங்கே உங்களுக்கு எதிரான முதல் ஆதாரம், "படித்துக் காட்டினேன்" என்று அதில் நான் இட்ட கையொப்பம். ஆகவே உங்களுக்காக நான் வாதாட முடியாது. கூண்டில் ஏறி, படிக்கவில்லை என்று சொல்ல மட்டுமே முடியும். அதை நம்புவார்களா, எத்தனை ஆண்டு ஆகும் என்று உறுதி கூற என்னால் இயலவில்லை. முத்துமீனாவிடம் இக்கடிதத்தைக் கொடுங்கள்.

இதை ஜூனியர் பாலமுரளி தட்டச்சு செய்தார். என் மனைவி வசுந்தரா இருமுறை படித்துக் காட்டினார். கேட்டு, புரிந்துகொண்டு, அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) வெங்கடரமணன்

சாட்சிகள்:
1. வசுந்தரா
2. பாலமுரளி