திங்கட்கிழமை என்று சொன்னது

ஐப்பசி 3, ஞாயிறு
விடிந்ததிலிருந்து தூறல். தெருவில் தறிக்குப் பாவு நூல் விரிக்க வழியில்லை. அவர் காபி டம்ளரைக் கீழே விட்டார். வாய் ஒரு பக்கம் கோணல், வலது கை தொய்வு, பேச்சு இல்லை. நாத்தனார் போளூரிலிருந்து புறாவோடு வந்தாள்.
“அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போனா மண்டையத் தொறந்துடுவானுங்க. புறா ரத்தம் தேச்சா ஜல்தியா கை வந்துடும்.”
தேய்த்தேன். மூன்று வேளை.

ஐப்பசி 4, திங்கள்
கை வரவில்லை. காலையிலேயே வண்டி வைத்துப் பெரிய ஆஸ்பத்திரி. பேத்தி தேன்மொழிக்கு அங்கேதான் ரத்தப் பரிசோதனை அறையில் வேலை. வார்டே அவளை மேடம் என்கிறது! ஒரு சாண் வளர்ந்தேன்.
டாக்டர், “எப்பம்மா ஆரம்பிச்சுது?” தேனு எதிரில் புறாவை எப்படிச் சொல்வது? “இன்னிக்கு எழுந்ததும்” என்றேன்.
நர்ஸ் அவர் நகத்தைப் பார்த்து, “இன்னா ஆயா, காய்ஞ்ச ரத்தமாட்டம்?”
“குங்குமம்.” நம்பினாளா, தெரியவில்லை.

ஐப்பசி 5, செவ்வாய், காலை
மறுபடி ரத்தம், நாலு குப்பி. எதற்கு இத்தனை? இரண்டு டாக்டர்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ரத்தத்தைப் பார்த்தே நோவு வந்த நாளைக் கண்டுபிடிப்பார்களோ?
ஏதோ ஆராய்ச்சி ஊசியாம், சம்மதம் வேண்டுமாம். மை டப்பியை நீட்டினார்கள். நான் ஐந்தாவது படித்தவள். பேனா கேட்டேன். முதலில் தேனு விளக்கட்டும் என்றேன்.
“மூளையில சில புரதம் சேதி சொல்ற ஆளுங்க மாதிரி, ஆயா. வாதம் அடிச்சதும் வீங்க வைக்கிற சேதியா அனுப்பிகினு இருக்கும். ரெண்டு நாள் போனா அதே ஆளே ரிப்பேருக்குக் கூப்பிடும். ஊசி அது வாயை அடைக்கும். ரெண்டு நாளுக்குள்ள போட்டா நல்லது ஆவுதான்னு பாக்கறாங்க. தாண்டிப் போட்டா ரிப்பேர் கெட்டுடும்.”
புரதம் பருப்பில் இருப்பது என்றுதான் படித்தேன். முதல் நாள் கெடுத்தவனே மூன்றாம் நாள் கட்டித் தருவானாம். நம்புகிற பேச்சா?
“தாத்தாவுக்கு நேத்துதானே, டைம் இருக்கு” என்றாள். என் முகத்தையே பார்த்தாளோ? கையெழுத்துப் போட்டேன். முழுப்பேர்.

சாயங்காலம்
விரல்விட்டு எண்ணினேன். ஞாயிறு காலை, திங்கள் காலை, செவ்வாய் காலை. இரண்டு நாள் தாண்டியாயிற்று.
நர்ஸ் ஊசியோடு வந்தாள். அவர் கையை என் கையால் மூடினேன். “போடாதீங்கம்மா. ஞாயித்துக்கெழமையே வாய் கோணிப்போச்சு. புறா ரத்தம் தேச்சிகினு வீட்லயே இருந்துட்டோம்.”
“ஏன் ஆயா சொல்லல?” என்றாள் கூட வந்த தேனு.
“உன் எதிர்ல எப்டிம்மா?”
ஊசி தட்டுக்குத் திரும்பியது. சேதி கேட்டு வந்த டாக்டர் திட்டவில்லை. அதுவே சந்தேகமாக இருந்தது.
அவர் இடது கையால் என் விரலைப் பிடித்தார். ஞாயிறன்று அந்தக் கையால்தான் வாசலைக் காட்டிக்கொண்டே இருந்தார். காற்று கேட்கிறார் என்று நினைத்துக் கதவை மட்டும் திறந்து வைத்தேன்.