பெரிய பாதி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கே நலம். அக்கா வீட்டில் அப்பாவும் நீயும் எப்படி இருக்கிறீர்கள் என்பதை அவள் வாயிலாகத்தான் தெரிந்துகொள்கிறேன். உன்னிடம் போனில் கேட்டால் "சாப்பிட்டியா" என்பதோடு முடித்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். முதலில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீ மட்டும் படி. அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் எழுதியிருக்கிறேன். உடனே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. அது என் புத்தி, உனக்கு வேண்டாம்.

வீட்டில் சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்ததே, வாஷர் மாற்றிவிட்டேன். நீ இரண்டு வருஷமாகச் சொன்ன வேலை, பத்து நிமிஷம்தான் ஆனது. அப்பாவின் தையல் மிஷினுக்குத் துணி போர்த்தி வைத்திருக்கிறேன். உன் தொட்டிச் செடிகளில் இரண்டு போய்விட்டன. தண்ணீர் ஊற்றினேன், அளவு தெரியவில்லை. மாடி வீட்டு அக்கா பார்க்கும்போதெல்லாம் அம்மா எப்போ வருவாங்க என்று கேட்கிறார். அடுத்த வாரம் என்று சொல்லி வைக்கிறேன். மூன்று மாதமாக அடுத்த வாரம்தான்.

போன வாரம் நம் அக்கா போனில் பேசினாள். அங்கே இருக்கிற டாக்டர் அப்பாவுக்கு அதே இதய மாத்திரையை மறுபடியும் காலையில் பாதி என்று எழுதிக்கொடுத்திருக்கிறாராம். அத்தான் கத்தியை வைத்து வெட்டுகிறாராம். ஒரு பாதி சோபாவுக்கு அடியில் ஓடுகிறதாம், இன்னொரு பாதி மாவாகிறதாம், அத்தான் குனிந்து தேடிக்கொண்டே ஆபீசுக்கு நேரமாச்சு என்று கத்துகிறாராம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்புறம் குரல் மாறிவிட்டது. அந்த நேரத்தில் நீ சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்கிறாயாம், கழுவ ஒரு பாத்திரம்கூட இல்லாமல். பக்கத்து வீட்டு அம்மா விசாரித்ததற்கு "நான்தான் அவரை விழ வெச்சேன்" என்றாயாம். நீயாவது அம்மாகிட்ட எதாவது பேசுடா என்றாள் அக்கா. நான் மீட்டிங் இருக்கு என்று வைத்துவிட்டேன். மீட்டிங் எதுவும் இல்லை.

அம்மா, அப்பாவை விழ வைத்தது நீ இல்லை, நான். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது, அதனால் முதலில் இதை எழுதிவிட்டேன். எப்படி என்று இனிமேல் சொல்கிறேன். உனக்குப் பாதிதான் தெரியும் என்று நினைத்திருந்தேன். உனக்கு முழுதும் தெரியுமோ என்றுதான் இப்போது எனக்குச் சந்தேகம்.

நீ அப்பாவின் மாத்திரையைக் காய்கறிக் கத்தியால் வெட்டிக்கொண்டிருந்த காலம் ஞாபகம் இருக்கிறதா? நாள்காட்டித் தாளைக் கிழித்து, இரண்டு துண்டையும் ஒன்றாக மடித்து வைப்பாய். இன்றைக்குப் பெரிய துண்டு, நாளைக்கு மிச்சம். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். இது என்ன விஞ்ஞானம்மா என்று கேட்டேன். ரெண்டு நாளில் ஒரு மாத்திரை உள்ளே போயிடும்ல, அது போதும் என்றாய். தராசைக் கொண்டுவந்து உன் துண்டுகளை எடைபோட்டு, பார் எவ்வளவு வித்தியாசம் என்று பாடம் எடுத்தேன். அன்றைக்கு உன் இடது ஆட்காட்டி விரலில் பிளாஸ்திரி இருந்தது. கத்தி வழுக்கின காயம். அதைப் பார்த்துத்தான் கருவி செய்ய ஆரம்பித்தேன், உன்னை மட்டம் தட்டுவதற்காக இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன், என் பக்கம் சொல்ல இது ஒன்றுதான் இருக்கிறது.

எங்கள் பிளாஸ்டிக் பட்டறையில் நான் வரைந்து, நானே அச்சு வெட்டிச் செய்த முதல் கருவி அது. மூடியில் பிளேடு, கீழே மாத்திரை உட்காரும் குழி, அதற்கும் கீழே இழுப்பறை. மூடினால்தான் பிளேடு இறங்கும், விரல் படவே படாது. அப்பாவின் மாத்திரையின் குறுக்களவு எட்டு மில்லிமீட்டர். குழியின் பின்சுவரில் மாத்திரையை ஒட்டி வைத்தால், பிளேடு சுவரிலிருந்து சரியாக நாலாவது மில்லிமீட்டரில் இறங்கும். ஐம்பது மாத்திரை வெட்டி எடைபோட்டேன். கிட்டத்தட்ட ஒன்றுபோல வந்தன. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏண்டா, வர்றவன் ஒல்லியா குண்டான்னு பார்க்காம இது எப்படிடா வெட்டும் என்று கேட்டார். நாற்பது வருஷம் சட்டை தைத்தவர் கேட்ட கேள்வி. நான், மாத்திரைக்கெல்லாம் தொப்பை போடாதுப்பா என்றேன். நீயும் சிரித்தாய்.

அதோடு விட்டேனா? இனிமே எல்லாப் பாதியும் ஒரே அளவுதான், தினமும் உட்கார்ந்து வெட்டாதே, மாசத்துக்கு வேண்டிய பதினைந்து மாத்திரையையும் ஒரே நாளில் வெட்டி டப்பாவில் கொட்டி வை, அந்தக் காகிதப் பொட்டலத்தைத் தூக்கிப் போடு என்று உத்தரவு போட்டேன். தாளைப் பிடுங்கிக் குப்பையில் போட்டதும் நான்தான்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து நீ எனக்குப் போன் செய்தாய். நான் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், அச்சு சரியாக வராமல் எரிச்சலில் இருந்தேன். கடையில் வேற கம்பெனி மாத்திரை குடுக்கறாங்க, கொஞ்சம் சின்னதா இருக்கு, உன் கருவியில் வெட்டலாமா என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "மாத்திரை மாத்திரைதான், சும்மா நச்சாதே, வை போனை." அந்த அழைப்பு இன்னும் என் போனில் இருக்கிறது. இருபத்திரண்டு நொடி.

புது மாத்திரையின் குறுக்களவு ஆறரை மில்லிமீட்டர். இப்போது கணக்குப் போட்டுப் பார், நீயே போட்டுவிடுவாய். பிளேடு சுவரிலிருந்து நாலில்தான் இறங்கும். ஒரு பக்கம் நாலு, மறுபக்கம் இரண்டரை. நடுவிலிருந்து முக்கால் மில்லிமீட்டர்தான் விலகல், ஆனால் வெட்டின பதினைந்து மாத்திரையும் அதே மாதிரி கோணலாக விழுந்தன. நூறு பங்கில் ஒரு துண்டு அறுபத்தைந்து, இன்னொன்று முப்பத்தைந்து. உன் கத்தி ஒரு நாள் இப்படித் தப்பும், மறுநாள் அப்படித் தப்பும். தப்பினாலும் பொட்டலம் சரிசெய்துவிடும். என் கருவி ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, துல்லியமாக, தப்பு செய்தது.

எல்லாம் ஒரே டப்பாவில் கலந்து கிடந்தன. நீ தினமும் காலையில் டப்பாவைத் திறந்து, பார்க்க முழுசாக, நன்றாக இருக்கிற துண்டை எடுத்துக் கொடுத்திருக்கிறாய். சின்னதும் ஓரம் உதிர்ந்ததும் அப்புறம் ஆகட்டும் என்று ஒதுக்கியிருக்கிறாய். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். தட்டில் எது நல்லதோ அதை அப்பாவுக்கு வைத்துவிட்டு, உடைந்ததை உன் பக்கம் தள்ளிக்கொள்கிற கை அது. பதின்மூன்று நாள், பதின்மூன்று பெரிய துண்டு. பதின்மூன்றாம் நாள் குளியலறை வாசலில் அப்பா விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், இந்த மாத்திரை கொஞ்சம் கூடினாலே நாடித் துடிப்பு இறங்கிவிடும், இது ஒரு நாளில் ஆனதில்லை, யார் கொடுக்கிறது என்று கேட்டார். நான்தான் என்றாய். அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அக்கா, அத்தான், நர்ஸ் எல்லோர் முன்னாலும், எத்தனை தடவை சொல்லியிருக்கேன் பார்த்துக் குடுன்னு என்று உன்மேல் பாய்ந்தேன். நீ என்னை ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாய். பிறகு கைப்பையின் ஜிப்பை மூடினாய், திறந்தாய், மூடினாய். போன் செய்து கேட்டதைச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அப்பாவுக்கு மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது டப்பாவைத் திறந்தேன். பதினேழு துண்டு இருந்தன. இரண்டு பெரிசு, பதினைந்து சிறிசு. தராசே தேவைப்படவில்லை, கண்ணுக்கே தெரிந்தது. எல்லாம் புரிந்தது. டப்பாவை மூடி என் மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு, துணியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தேன். நீ வராந்தாவில் உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லவில்லை. அப்பாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்த அன்றைக்கும் சொல்லவில்லை. அக்கா உங்களை அழைத்துப்போக வந்தபோது, உன் பெட்டியை வண்டியில் ஏற்றினேன், அப்போதும் சொல்லவில்லை. அம்மா அந்தப் போனை மறந்துவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்பாய். முதலாளிக்கு என் கருவி பிடித்துப்போய், ஆயிரம் செய்து விற்கலாம் என்கிறார். அதற்கு ஒரு படிவம் நிரப்பச் சொன்னார். அதில் ஒரு கேள்வி: பயன்படுத்தியபோது ஏற்பட்ட கோளாறு. நான் யோசிக்காமல் "இல்லை" என்று எழுதிவிட்டேன். எழுதின பேனாவை மூடக்கூட இல்லை, கை நின்றுவிட்டது. அன்று சாயங்காலமே மருந்துக்கடைக்குப் போய், வேறு என்னென்ன அளவில் இந்த மாத்திரை வருகிறது என்று விசாரித்தேன். கடைக்காரர் உன்னை விசாரித்தார். உங்கம்மா அன்னைக்கே, இது சின்னதா இருக்கே, வெட்டுறது சரியா வருமா, பையனைக் கேட்டுட்டு வாங்கிக்கறேன்னு போனாங்களே, மறுநாள் வந்து என் பையன் சரின்னுட்டான்னு சந்தோஷமா வாங்கிட்டுப் போனாங்க என்றார்.

சந்தோஷமாக என்றார், அம்மா.

நீ எதையும் மறக்கிற ஆள் இல்லை. நான் ஒன்றாம் வகுப்பில் தொலைத்த குடையின் நிறத்தை இன்னும் சொல்கிறவள், நாலு மாதத்துக்கு முந்தின போனையா மறப்பாய்?

படிவத்தைக் கிழித்துவிட்டேன். புதுப் படிவத்தில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். முதலாளி படித்துவிட்டு, விற்கப் போற சாமானைப் பத்தி எதிரிகூட இப்படி எழுத மாட்டான்யா என்றார். பழைய அச்சை உடைக்கச் சொன்னேன். கொஞ்சம் முறைத்தார், அப்புறம் உடைக்கச் சொல்லிவிட்டார்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பொட்டலம் வரும். புதுக் கருவி. மூடி கண்ணாடி மாதிரி, உள்ளே நடப்பது தெரியும். பின்சுவர் கிடையாது. இடுக்கி மாதிரி இரண்டு தாடை இரு பக்கமும் ஒரே அளவு நெருங்கி மாத்திரையை நடுவில் பிடிக்கும், ஒல்லியோ குண்டோ நடுதான். கடையில் கிடைத்த நாலு அளவிலும் வெட்டிப் பார்த்தேன், மிக மோசமானதே நூற்றுக்கு ஐம்பத்திரண்டும் நாற்பத்தெட்டும். இழுப்பறை இல்லை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிறு குழி, "இன்று", "நாளை" என்று பொறித்திருக்கிறேன். இரண்டும் காலியானால்தான் அடுத்த மாத்திரையை வெட்ட மூடி இறங்கும். மாதக் கணக்கில் வெட்டிக் குவிக்க யாராலும் முடியாது. பார்த்தவுடன் உனக்குப் புரியும், அது உன் நாள்காட்டித் தாள்தான். பிளாஸ்டிக்கில் செய்திருக்கிறேன், அவ்வளவுதான். மாத்திரை மாறினால், நடுவில் கோடு இருக்கிறதா, வெட்டலாமா என்று டாக்டரைக் கேட்காமல் வெட்டாதே என்பதையும் மூடியிலேயே பொறித்திருக்கிறேன்.

அப்பாவிடம், இது ஆளைப் பிடித்து அளந்துதான் வெட்டுகிறது என்று சொல். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அறையிலிருந்து வாசல் வரை நடக்கிறாராமே. ஊசியில் நூல் கோர்க்கிற வேலையாவது வேண்டுமாம் என்று அக்கா சொன்னாள். கொடுங்கள்.

இனிமேல் நீ செய்ய வேண்டியது. அக்காவையும் அத்தானையும் அப்பாவையும் உட்கார வைத்து இந்தக் கடிதத்தைச் சத்தமாகப் படி. ஒரு வரி விடாமல். உன்னை எல்லோர் முன்னாலும் குற்றம் சொன்னேன், இதுவும் எல்லோர் முன்னாலும்தான் ஆக வேண்டும். பையன் பாவம் என்று நடுவில் எதையாவது விழுங்கிவிடாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. அக்கா திட்டுவாள், திட்டட்டும்.

மறுநாள் காலையில் குழாயை மூடிவிட்டு வா. மூடியை நீயே அழுத்து. "இன்று" குழியில் இருப்பதை உன் கையால் அப்பாவுக்குக் கொடு. அவர் உன் கையால் வாங்கிக்கொள்வார். மன்னிப்பதெல்லாம் மெதுவாக ஆகட்டும், அதற்கு நான் அவசரப்படுத்தவில்லை. இது ஒன்றை மட்டும் செய்.

மாத்திரை கொஞ்சம் சின்னதாக இருந்தாலும், பெரிதாக இருந்தாலும், நிறம் மாறியிருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் எனக்குப் போன் செய். மிஷின் ஓடினாலும் எடுப்பேன். நீ வைக்கிறவரை நான் வைக்க மாட்டேன்.

உன் மகன்,
நீ வைத்த பெயர் சரிதான் என்று ஒப்புக்கொள்ளும்
அவசரக்குடுக்கை