வாத்துக் கூண்டுக்கு நான் போட்ட முடிச்சு

பட்டில் கை வைப்பதற்கு முன் இன்று மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவினேன். விரலில் ஏறிய ஈர வைக்கோல் வாடையும் வாத்து வாடையும் போகவில்லை. அந்தக் கையோடுதான் தறியில் பாவு நூல் பிணைக்க உட்கார்ந்திருக்கிறேன். நீ கூண்டைக் கழுவிவிட்டு வரும்போதெல்லாம், "மொகூர்த்தப் பொடவையில வாத்து வாடை அடிக்கும்டி, போய் நல்லா கழுவிக்கினு வா" என்று விரட்டியவள் நான். நீயும் சிரித்துக்கொண்டே போவாய். இன்று என்னை விரட்ட ஆள் இல்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ என்னிடம் விட்டுப்போன வாத்துகளில் மூன்று செத்துப்போயின. ஒன்றுதான் மிச்சம்.

அண்ணனை நான் கட்டினேன், தம்பியை நீ கட்டினாய். ஓரகத்திகள் ஒரே வீட்டில் இருந்தால் தினம் ஒரு சண்டை என்று நம் தெருவில் பேசுவார்கள். நமக்குள் அப்படி எதுவும் வந்ததில்லை என்று நான் ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டு திரிந்தேன். காமாட்சியம்மன் கோயிலில் யாராவது பிடித்துக்கொண்டால் போதும், "எங்க வூட்டுல ஒரு சத்தம் கேட்டிருக்கியா?" என்று ஆரம்பித்துவிடுவேன். நீ பக்கத்தில் அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாய்.

திருமுக்கூடல் பக்கம் இருக்கும் உன் பிறந்த வீட்டிலிருந்து கூடையில் வாத்துக் குஞ்சுகளோடு நீ வந்து இறங்கியது நினைவிருக்கிறது. தறி வீட்டில் வாத்தா என்று நான் முகத்தைச் சுளித்தேன். முதல் முட்டையை அவித்து மிளகுத்தூள் போட்டு நீ கொடுத்த பிறகு என் வாய் அடைத்துப்போனது. கொழுந்தனார் பழைய தறிக்கட்டைகளை அறுத்துக் கூண்டு செய்தார். பெருச்சாளி தோண்டி வராமல் இருக்க அடியில் கடப்பைக் கல் போட்டார். காற்றுக்காக மேலே மட்டும் கம்பி வலை. சாயங்காலம் நீ "பா பா பா" என்று கூப்பிட்டால் போதும், நான்கும் இடுப்பை ஆட்டிக்கொண்டு வரிசையாக உள்ளே போகும். நீ கதவைச் சாத்துவாய். நான் முடிச்சுப் போடுவேன். பாவு முடிந்ததும் தறியில் மிஞ்சும் பட்டு நூலை நானே முறுக்கிச் செய்த கயிறு அது.

முடிச்சு என் வேலை என்று நான்தான் வலியப் போய் எடுத்துக்கொண்டேன். விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு, பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிப் பிணைக்கிற கை. அந்தக் கை போட்ட பிணைப்பு தறியில் விட்டுப்போனதாக ஒரு சொல் வந்ததில்லை. அப்படிப்பட்டவளிடம் நீ ஒருநாள், "கதவுக்கு ஒரு கொண்டி வாங்கிப் போட்டுடலாமா அக்கா?" என்றாய்.

"ஏன், என் முடிச்சு அவுந்து பார்த்திருக்கியா?"

"முடிச்சு அவுராது அக்கா. கீழ் மூலையில கதவு ஆடுதே. நாய் மூக்க வுட்டு நெம்பினா சந்து வுடும்."

நீ சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எனக்குத்தான் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நேற்று வந்தவள் எனக்குக் கட்டச் சொல்லிக் கொடுக்கிறாளா என்று அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். ஒரு வாரம் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு நீ கொண்டியைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. நான் சொன்னது உனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் ஒரு காலையில் தவிடு பிசைந்து எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். வழக்கமாக என் காலடிச் சத்தத்துக்கே கத்தும். அன்று சத்தமில்லை. கீழ் மூலையில் கதவு வெளிப்பக்கம் வளைந்து நின்றது. மண்ணில் நாய்க் கால்கள். துளசி மாடம் வரைக்கும் வெள்ளை இறகு. கதவுக்கு முன்னால் எங்கிருந்தோ ஒரு செங்கல் வந்து புரண்டு கிடந்தது. சாம்பல் நிறப் பெட்டை மட்டும் உள்மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கியது. என் முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது. அதை அவிழ்த்துத்தான் அந்தப் பெட்டையை வெளியே எடுத்தேன். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல?

பால்காரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நாய் தூக்கிக்கினு போனா நீ இன்னாம்மா பண்ணுவ?" என்றாள். எனக்கு அது வசதியாக இருந்தது. எதிர்வீட்டில் கேட்டபோது நானும், "நாய்ங்க தொல்லை தாங்கல" என்று அதையே சொன்னேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை உன் மகள் வருவாளே. ஹாஸ்டலில் இருந்து பஸ் ஏறி வந்ததும் பையை வைக்காமல் கொல்லைக்கு ஓடுகிறவள். அம்மா வளர்த்தது என்று அவளுக்கு உயிரோடு இருந்தவை அந்த நான்குதான். அவளிடம் நாயைச் சொல்ல வாய் வரவில்லை. வாசலிலேயே நிறுத்தி, "என் முடிச்சாலதான்மா போச்சு, கொண்டி போட்டிருக்கணும்" என்று சொல்லி அழுதுவிட்டேன்.

அவள் கொல்லைக்குப் போய்க் கதவருகில் உட்கார்ந்தாள். கீழ் மூலையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "அந்தக் கல்லு எங்க பெரியம்மா?" என்றாள்.

"எந்தக் கல்லு?"

"உடைஞ்ச அம்மிக்கல்லு. நீங்க முடிச்சுப் போட்டுட்டு உள்ள போனதும் அம்மா அதை உருட்டிக்கினு வந்து கீழ் மூலையில வெப்பாங்களே. காலையில உங்களுக்கு முன்னாடி எழுந்து எடுத்துடுவாங்க. அம்மாவுக்கு அப்புறம் அப்பா வெச்சுக்கினு இருந்தாரு."

உன் வருஷம் திரும்பாததால் இந்தத் தடவை பண்டிகை இல்லை. ஆனாலும் போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யாமல் என் கை சும்மா இருக்கவில்லை. எதற்கு இந்தச் சனியன் காலை இடறிக்கொண்டு கிடக்கிறது என்று அந்த அம்மிக்கல்லைக் குப்பை வண்டியில் ஏற்றியவள் நான். அன்று சாயங்காலம் கொழுந்தனார் கல்லைத் தேடியிருக்கிறார். என்னிடம் கேட்கத் துணிச்சல் இல்லாமல் செங்கல்லை வைத்திருக்கிறார். செங்கல்லின் கனம் ஒரு நாய்க்குப் பத்தவில்லை.

"உங்க பெரியப்பாவுக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும் பெரியம்மா."

எனக்கு மட்டும் தெரியாது. இத்தனை வருஷம் தினம் சாயங்காலம் முடிச்சை இறுக்கிவிட்டு, "இனிமே எமனே வந்தாலும் அவுக்க முடியாது" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போயிருக்கிறேன். வீடு மொத்தமும் நான் உள்ளே போகட்டும் என்று காத்திருந்திருக்கிறது. சண்டையே இல்லாத வீடு என்று பெருமை அடித்தேனே, அதை நினைத்தால் கோயில் பக்கம் போகவே கூச்சமாக இருக்கிறது.

அன்றே உன் மகள் கடைக்குப் போய்க் கொண்டி வாங்கி வந்தாள். மேலே ஒன்று, கீழ் மூலையில் ஒன்று. கொழுந்தனார் திருகாணி முடுக்கினார். நான் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். மாட்டி முடித்ததும் அவள் இழுத்துப் பார்த்தாள். கதவு அசையவில்லை. உடனே என் முகத்தைப் பார்த்து, "இதுக்கு மேல நீங்க ஒரு முடிச்சும் போட்டுடுங்க பெரியம்மா, இன்னும் கெட்டியா இருக்கும்" என்றாள். குன்றிப்போனேன். அம்மாவும் போய், அம்மாவின் வாத்தும் போய் நிற்கிற பெண், என் மனசு கோணக் கூடாது என்று பார்க்கிறாள்.

"முடிச்சு வேணாம்மா" என்றேன். "இது மாதிரி உங்கம்மா எங்கிட்ட சொல்லாம வுட்டது இன்னும் என்னென்ன இருக்குது?"

"ஒன்னும் இல்ல பெரியம்மா" என்றாள், அவசரமாக.

அப்போதுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. கடைசி நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாத்துங்கள பாத்துக்க அக்கா" என்றாய். "கதவ மட்டும்..." என்று தொடங்கி என் முகத்தைப் பார்த்தாய். "ஒன்னும் இல்லக்கா, நீதான் இருக்கியே" என்று முடித்துவிட்டாய். மூச்சு வாங்குகிறது போலிருக்கிறது என்று நான் உன் நெஞ்சைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சாகக் கிடந்தபோதும் நீ என் முகத்துக்குப் பயந்தாய் என்பதை வைத்துக்கொண்டு நான் எங்கேம்மா போவேன்?