ஆடிக் கிருத்திகை லீவும் ஊசித்தட்டானும்

திருத்தணி,
ஆனி கடைசி ஞாயிறு.

அன்பு மகள் அனுராதாவுக்கு நைனா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் அம்முவும் கை காலுக்கு ஒரு குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த நார்வே தேசத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு, சூரியன் மறையாவிட்டாலும் ஜன்னலை மூடிக்கொண்டு நேரத்துக்குத் தூங்கி, நல்லபடியாக இருக்கிறாய் என்றால் அதுவே எங்களுக்குப் போதும். போன் இருக்கும்போது நைனாவுக்கு என்ன வந்தது, ஸ்டாம்ப் ஒட்டிக் கடிதம் எழுதுகிறாரே என்று நினைப்பாய். நம் வீட்டில் போன் பேசுவது எப்படி என்று உனக்கே தெரியும், மணி அடித்ததும் ஸ்பீக்கர் போட்டாகணும், உன் அம்மா ஒரு பக்கம் அம்மு ஒரு பக்கம் தலையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். வாட்ஸாப்பில் எழுதலாம் என்றால் எனக்கு டைப் அடித்துக் கொடுப்பதே அம்முதான். இந்த விஷயம் அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் உனக்கு மட்டும் வந்து சேரணும், அதனால்தான் பம்ப் செட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கத்தரி பரவாயில்லை, காய்ப்புழு இருக்கிறது, மருந்து அடித்தேன். மூணு பேஸ் கரண்ட் எப்போது வருகிறது எப்போது போகிறது என்று அந்த முருகனுக்கே வெளிச்சம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழைய மாதிரியேதான், டாக்டர் உட்கார்ந்து எழுந்திருக்காதே என்றால் அன்றைக்குத்தான் வீடு முழுக்கக் கழுவி விடுகிறாள், நான் சொன்னால் கேட்கமாட்டாள், நீ ஒரு வார்த்தை சொல். பள்ளிப்பட்டில் என் பெரியப்பா பேத்தி கல்யாணம் நடந்தது, எல்லோரும் உன்னைத்தான் கேட்டார்கள், பெரிய பெண் பூச்சியையா படிக்கிறாள் என்று ஒருத்தர் கேட்டதற்கு உன் அம்மா, பூச்சின்னா சும்மாவா, கவர்மெண்டே சம்பளம் குடுக்குதுங்க என்று பதில் சொன்னாள். அது இருக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன். நீ தங்கச்சி அம்மு மேல் கோபமாக இருக்கிறாய். கொஞ்ச நாளாக அவள் போன் எடுப்பதில்லை, நீயும் அவளைக் கேட்பதில்லை. தேதியைத் தப்பாக அனுப்பி உன் வேலையை வீணாக்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அவள் தப்பாக அனுப்பவில்லை கண்ணு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் இருந்து சொல்கிறேன். அம்முவின் காலேஜில் நாலு பேராகச் சேர்ந்து நம் கொல்லையை ஒட்டிய குட்டையில் ஊசித்தட்டானைப் பார்த்து ஆராய்ச்சி செய்யப்போகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். அம்மு, தமிழ்செல்வி, மேல்திருத்தணி குமரவேல், பொதட்டூர்பேட்டையில் இருந்து வருகிற அரசு. எப்படிச் செய்வது என்று பிடிபடாமல் உன்னைக் கேட்டார்கள். நீ அம்முவிடம், காலேஜ் லீவு நாள் எல்லாம் அனுப்பு, மீதியை நான் பார்த்துக்கறேன் என்றாய். ஸ்பீக்கரில் என் காதாலே கேட்டது. அவளும் லீவு நாட்களைச் சரியாகத்தான் அனுப்பினாள். எதற்கு லீவு என்று எழுதவில்லை, நம் ஊர்க்காரர்களுக்கு அதை எழுதவேண்டிய அவசியம் கிடையாது. நீ அதில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் வருவதைப் பார்த்து, தோதாக இருக்கிறதே என்று அதையே பிடித்துப் பெரிய பிளான் எழுதி அனுப்பினாய். அது ஆடிக் கிருத்திகை லீவும் அதை ஒட்டி வந்த சனி ஞாயிறும் அம்மாடி. நகரி, புத்தூர்ப் பக்கத்துக் காவடிக்காரர்கள் எல்லாம் நடந்து வந்து குளித்து முழுகி மலை ஏறுவதே நம் குட்டையில் இருந்துதானே. அந்த மூன்று நாளும் குட்டையில் தண்ணீர் தெரியாது, தலைதான் தெரியும். வேன் நிறுத்தக் கொல்லை வரப்பைக்கூட விடமாட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் இந்தப் பிள்ளைகள் எல்லோருக்கும் அது கிருத்திகை என்று தெரியும். தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. குமரவேல் இருக்கிறானே, அக்கா நார்வேயில இருந்துகினு சும்மாவா இந்த நாளைப் போடுவாங்க, கூட்டம் வந்தா தட்டான் என்ன பண்ணுதுன்னு பார்க்கத்தான் வேணும்னே வெச்சிருக்காங்க என்று ஒரே போடாகப் போட்டான். அவ்வளவுதான், மற்ற இரண்டு பேரும் ஆங் ஆங் என்று தலையாட்டி, திருவிழாக் கூட்டத்தில் ஊசித்தட்டானின் நடத்தை என்று தலைப்பே எழுதிவிட்டார்கள். உன் பேரில் அவர்களுக்கு அவ்வளவு மரியாதை. அம்மு மட்டும் அன்றைக்குச் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அவர்களுடைய நிர்மலா மேடம் கெட்டிக்காரி. இந்த நாளை ஏன் எடுத்தீங்க, காரணத்தைச் சொல்லுங்க என்று கேட்டுவிட்டார். நாலு பேரும் இங்கே பம்ப் செட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள், நான் தொட்டியோரம் களை எடுத்துக்கொண்டிருந்தேன். யாருக்கும் காரணம் தெரியவில்லை. குமரவேல் போனை எடுத்து, அக்காவையே வீடியோவில் கேட்டுடலாம் என்றான். அப்போதுதான் அம்மு சட்டென்று, அக்காவைக் கேக்க வேணாம், அவங்க குட்டை காலியா இருக்கிற நாளாத்தான் கேட்டாங்க, நான்தான் பார்க்காம கிருத்திகையையும் சேர்த்து அனுப்பிட்டேன் என்றாள். மற்றவர்களுக்குக் கோபம் வந்தது, வராதா. குமரவேல் அன்றைக்கே, அம்மு தேதியைத் தப்பா அனுப்பிட்டா என்று மட்டும் உனக்கு எழுதிப்போட்டான். நீ கூப்பிட்டு, ஒரு தேதியைக்கூட ஒழுங்கா அனுப்பத் தெரியாதா, என் வேலையை விட்டுட்டு உட்கார்ந்து எழுதினேனே என்று கத்தினாய். உன் அம்மாவும் உன்னோடு சேர்ந்துகொண்டு, அக்கா உனக்காக எவ்ளோ கஷ்டப்பட்டிருக்கா என்று அவளை ஒரு பிடி பிடித்தாள். அவள் எல்லாவற்றுக்கும் ஆங், என் தப்புதான் என்றாள்.

நீ லீவு நாள் என்று கேட்டதுதான் என் காதில் இருக்கிறதே, எனக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டு நாள் கழித்து வண்டியில் அவளைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோகும்போது கேட்டேன். முகத்துக்கு நேராகக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டாள், முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததால் சொன்னாள். அக்காவுக்கு நம்ம கிருத்திகையே மறந்துபோச்சுன்னு நான் எப்படி நைனா அவங்க முன்னால சொல்றது, அம்மாவுக்குத் தெரிஞ்சா சோறே சாப்பிட மாட்டாங்க, அக்காவுக்கும் எப்படி இருக்கும் என்றாள். நான் வண்டியை ஓரம் கட்டவில்லை, ஓட்டிக்கொண்டே போனேன்.

இதைப் படித்து நீ அழுதுகொண்டு உட்காரக்கூடாது. மறந்தது ஒரு குற்றமா என்ன. இங்கே ஆடி பிறந்தால் மைக் செட்டும் பம்பை மேளமும் நம்மைத் தூங்க விடாது, மறக்கணும் என்று நினைத்தாலும் மறக்க முடியாது. அங்கே உனக்கு யார் நினைவுபடுத்துவார்கள், மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு யாராவது உன் லேப் வாசலில் வந்து நிற்கப்போகிறார்களா. ஒரு நிமிஷம் எனக்கு வருத்தமாக இருந்தது, அது உண்மை. அப்புறம் யோசித்துப் பார்த்தேன், தங்கை கேட்டாள் என்று உன் வேலையைப் போட்டுவிட்டு எழுதிக் கொடுத்தாயே, எங்களை மறந்தவள் அதைச் செய்வாளா.

இப்போது பிள்ளைகள் புதிதாக முதலில் இருந்து பிளான் போடுகிறார்கள், பார்க்க நன்றாக இருக்கிறது. நாலு பேரும் கரையில் உட்கார்ந்து ஒரே ஜோடியைப் பார்க்கிறார்கள், ஆண் தட்டான் வால் நுனியால் பெண்ணின் கழுத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கிறதாம், அது முட்டை வைக்கிற வரைக்கும் விடாதாம். பார்த்துவிட்டுத் தனித்தனியாக எழுதிக் காட்டினால் நாலு பேரும் நாலு விதமாக எழுதியிருக்கிறார்கள். விட்டுடுச்சு என்கிறான் குமரவேல், விடலை என்கிறாள் தமிழ்செல்வி. எவ்வளவு தூரம் போனால் விட்டது என்று கணக்கு என்பதைப் பேசி முடிக்கவே ஒரு பொழுது போயிற்று. அரசு வீட்டில் தறி ஓடுகிறது, லுங்கிக்குப் போட்ட மீதி நூல் கலர் கலராகக் கொண்டுவந்தான், கரையோரம் குச்சி நட்டு அதில் நூலைக் கட்டி, இது உன் பாகம் இது என் பாகம் என்று பிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் தட்டான் எல்லாம் அந்தக் குச்சி மேலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. நாம குச்சி நட்டதாலதான் இங்க கூட்டமா இருக்கு, இதை எப்படிக் கணக்குல எடுக்கறது என்று அம்மு கேட்டாள். உடனே குச்சியைப் பிடுங்கிவிட்டு அங்கே ஏற்கனவே இருக்கிற கோரையில் நூலைக் கட்டினார்கள். பக்கத்தில் வேறு ஆண் தட்டான்கள் இருந்தால்தான் கெட்டியாகப் பிடித்திருக்கிறதா, யாரும் இல்லாவிட்டால் விட்டுவிடுகிறதா என்பதைத்தான் பார்க்கப்போகிறார்கள், அதுவும் அம்மு கேட்ட கேள்விதான். நீ எழுதியதும் வீண் போகவில்லை, எதைப் பார்த்தால் எப்படிக் குறிப்பது என்ற பகுதியை அப்படியே வைத்திருக்கிறார்கள். கிருத்திகை முடிந்து வேன் எல்லாம் போய்த் தண்ணீர் தெளிந்ததும் தொடங்குவதாக ஏற்பாடு.

ஆனால் தேதி என்று பேச்சு வந்தாலே குமரவேல், அம்முகிட்ட மட்டும் கேக்காதீங்கப்பா என்கிறான். லீவு அம்மு என்று பேரே வைத்துவிட்டார்கள். நல்ல பையன்தான், வரும்போது அம்மாவுக்கு மாத்திரைகூட வாங்கி வருகிறான், விளையாட்டாகத்தான் சொல்கிறான். இவளும் கூடச் சேர்ந்து சிரிக்கிறாள், அந்தச் சிரிப்புதான் எனக்குத் தாங்கவில்லை. கிருத்திகை லீவு முடிந்ததும் டிபார்ட்மெண்ட் முன்னால் இந்த ஆராய்ச்சியை விளக்கிப் பேசவேண்டுமாம். கேள்வி அம்முவுடையது, பேசப்போவது தமிழ்செல்வி. தேதியையே தப்பா அனுப்பினவ பேசினா மேடம் நம்பமாட்டாங்க என்று முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு வாய் வரைக்கும் வந்தது, அம்மு என்னை ஒரு பார்வை பார்த்தாள், அடங்கிவிட்டேன். நான் சொன்னால் அவள் என்னோடு பேசவேமாட்டாள். நீதான் சொல்லணும் கண்ணு. அந்தப் பிள்ளைகளுக்கு உன் வாயால், அம்மு சரியாத்தான் அனுப்பினா, நான்தான் லீவு எதுக்குன்னு பார்க்கலை என்று ஒரு வார்த்தை. அவர்கள் முன்னால் நீ கொஞ்சம் சின்னவளாகத் தெரிவாய், தெரிந்தால் தெரியட்டும், அவள் உனக்காக எவ்வளவு நாளாக அப்படித் தெரிந்துகொண்டிருக்கிறாள். அம்மாவுக்கு மட்டும் வேண்டாம், இது நமக்குள்ளேயே இருக்கட்டும்.

வெளியில் சாப்பாட்டை நம்பாதே, தலைக்கு எண்ணெய் வை, சம்பளத்தில் எங்களுக்கு ஒன்றும் அனுப்பவேண்டாம், உனக்கு நல்ல ஷூ வாங்கிக்கொள். முருகன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருப்பார், என்னுடைய, உன் அம்மாவுடைய ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. மலையில் இருந்து வாங்கிவந்த விபூதி இதோடு மடித்து வைத்திருக்கிறேன், கிருத்திகையன்று இட்டுக்கொண்டு ஒரு விளக்கு ஏற்று. கிருத்திகை என்றைக்கு என்று நான் எழுதப்போவதில்லை. அம்முவுக்குப் போன் போட்டுக் கேள். அவள் சரியான தேதி சொல்லுவாள்.

இப்படிக்கு,
உன் நைனா
பக்தவச்சலம்