வெட்டுக்கிளிக்கு ஊற்றிய எண்ணெய்

மார்ச் 7, சனி

பஞ்சர் கடையை மதியமே சாத்திவிட்டு அண்ணியோடு கல்குவாரிக்குப் போனேன். பாறை ஏறுவதற்கென்றே இருக்கிற என் பைக்குக்கு எருமை என்று பேர். இருபது வயசு, ஃபோர் ஸ்ட்ரோக், தொண்ணூறு கிலோ. அண்ணி வாங்கியிருப்பது டூ ஸ்ட்ரோக், ஒல்லி உடம்பு, தொட்டால் குதிக்கும். அதனால் அதுக்கு வெட்டுக்கிளி என்று நான்தான் பேர் வைத்தேன். இரண்டிலும் உட்கார இடம் கிடையாது, நின்றுகொண்டேதான் பாறை ஏறணும். "நாள் பூரா தையல் மிஷின்ல உக்காந்திருக்கீங்க, நிக்கறதுக்குன்னே ஒரு வண்டி வாங்கியிருக்கீங்க" என்று சொன்னேன். "வாயை மூடிட்டு வண்டிய ஏத்துடி" என்று சொன்னாங்க.

வண்டியை மாற்றி மாற்றி ஒரே பாறையில் ஏறிப் பார்த்தோம். எருமை மெதுவாக, தடதடவென்று, நான் தப்பு செய்தாலும் பொறுத்துக்கொண்டு ஏறியது. வெட்டுக்கிளிக்குப் பொறுமையே இல்லை. கிளட்ச் லிவரில் ஒற்றை விரல்தான் வைக்கணும், அந்த விரல் நூல் அளவு நகர்ந்தால் வண்டி ஒரு அடி தாவுகிறது. நான் ரெண்டு தடவை புதருக்குள் போனேன். அண்ணி ஒரு தடவைகூடக் காலை ஊன்றவில்லை. ஊசியில் நூல் கோர்த்த விரல் இல்லையா. பொறாமையாகத்தான் இருந்தது, இங்கே எழுதினால் யாருக்குத் தெரியப்போகுது.

மார்ச் 8, ஞாயிறு

உடம்பெல்லாம் வலி. சிரித்தால் விலா வலிக்கிறது. அதனால் இன்றைக்கு யாரையும் கிண்டல் செய்யவில்லை, காலை ஒன்பது மணி வரை.

மார்ச் 11, புதன்

ஞாயிறு போட்டி. பாறை, மரக்கட்டை, சேறு என்று பத்து இடம். ஒரு கால் ஊன்றினால் ஒரு புள்ளி, விழுந்தால் அஞ்சு. யாருக்குப் புள்ளி குறைவோ அவங்கதான் ஜெயிச்சவங்க. பள்ளிக்கூடத்திலும் இப்படி இருந்திருந்தால் நான் ஆறாம் வகுப்போடு நின்றிருக்க மாட்டேன்.

எருமைக்குப் பின் டயரில் காற்றை இறக்கினேன். அஞ்சு பவுண்டுதான் விட்டிருக்கிறேன், அப்போதுதான் டயர் பாறையைக் கவ்விப் பிடிக்கும். இந்த அளவு காற்று வைத்துக் கடைக்கு வருகிறவனுக்கு வண்டியைக் கொடுத்தால் அடிக்க வருவான்.

மார்ச் 13, வெள்ளி

அண்ணிக்கு ஆஸ்பத்திரிக்காரங்க திரைச்சீலை ஆர்டர், நாற்பது. மிஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. மாடிப்படிக்கு அடியில் வெட்டுக்கிளி தூசியோடு நின்றது. பாவமாக இருந்தது. நானே இறங்கினேன். ஏர் ஃபில்டரைக் கழுவி, எண்ணெய் தடவி, பிழிந்து போட்டேன். செயினைத் துடைத்தேன். இடது கை கிளட்ச் லிவர் பக்கத்தில் ஒரு சின்ன டப்பா, அதில் கண்ணாடி ஜன்னல், உள்ளே எண்ணெய் அடிமட்டத்தில் இருந்தது. என் எருமைக்குக் கிளட்ச் வெறும் கேபிள்தான், இந்த வம்பெல்லாம் இல்லை. வலது கை பிரேக்குக்கும் இதே மாதிரி டப்பா, இதே மாதிரி மூடி. கடையிலிருந்து பிரேக் ஆயில் கொண்டுவந்திருந்தேன், இரண்டிலும் நிரப்பிவிட்டேன்.

அண்ணிகிட்டே சொல்லவில்லை. ஜெயித்து வரட்டும், அப்புறம் "யாராலே?" என்று காலரைத் தூக்கிக்கொள்ளலாம்.

மார்ச் 15, ஞாயிறு

அண்ணி விழுந்துட்டாங்க.

பத்தில் ஆறாவது இடம். இடுப்பு உயரப் பாறைப் படி. கிளட்சை விட்டாங்க, வண்டி ஏறாம ஒரு நொடி அப்படியே நின்னுச்சு. அப்புறம் திடீர்னு பிடிச்சுத் தாவி, முன் சக்கரம் வானத்தைப் பார்த்து, அப்படியே பின்னாடி மல்லாக்க. அண்ணி ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். இடது கை மணிக்கட்டு கோணலா இருந்துச்சு. நான் என்ன கத்தினேன்னு தெரியலை. புள்ளி போடறவர் அஞ்சு விரலை விரிச்சுக் காட்டிக்கிட்டே ஓடி வந்தார், பாவம், பழக்கதோஷம்.

மார்ச் 16, திங்கள்

ரெண்டு எலும்பு. மாவுக்கட்டு ஆறு வாரம். துணியை மிஷினுக்குள் தள்ளுவது இடது கைதான். மிச்சத் திரைச்சீலை வேறு ஆளுக்குப் போய்விட்டது.

மார்ச் 20, வெள்ளி

அண்ணியைப் பார்க்கப் போனேன். "விரலை விட்டேன்னு நெனச்சேன்டி. விடல போல. நான் சொன்னத என் விரலே கேக்கல" என்று சொன்னாங்க. அவங்களைச் சிரிக்க வைக்கணும் என்று, "அம்பது ஆகப்போகுது அண்ணி, விரலுக்கு ரிட்டையர்மென்ட் குடுங்க" என்றேன்.

அண்ணி சிரிக்கவில்லை. "ஆமா. நீ சொல்றது சரிதான்" என்று மட்டும் சொன்னாங்க.

நான் சொன்னதை அண்ணி இதுவரைக்கும் எப்போது சரி என்று சொல்லியிருக்காங்க?

மார்ச் 24, செவ்வாய்

வெட்டுக்கிளியை விற்கச் சொல்லிவிட்டாங்க. "உன் கடைக்கு நாலு பேர் வராங்க, சொல்லி வை." அண்ணன் வாசலில் நின்று என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

மார்ச் 28, சனி

விற்பதற்கு முன்னால் சரி பார்க்கலாம் என்று வண்டியை எங்க பைக் கிளப் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக்குக் கையெல்லாம் முடி, எல்லாரும் கரடி என்றுதான் கூப்பிடுவோம். கரடி கிளட்ச் லிவரை அமுக்கினார். அமுங்கியது, திரும்பி வரவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். உள்ளேயிருந்து ஒரு சின்ன ரப்பர் வளையத்தை எடுத்தார். தண்ணீரில் ஊறின பயறு மாதிரி உப்பிக் கிடந்தது.

"இதுல பிரேக் ஆயில ஊத்தியிருக்காங்க. இந்த வண்டி கிளட்ச்சுக்கு மினரல் ஆயில் மட்டும்தான். பிரேக் ஆயில் பட்டா இந்த ரப்பர் ரெண்டு நாள்ல ஊதிக்கும், கிளட்ச் விட்டாலும் பிடிக்காது. அன்னிக்கு இதான் நடந்திருக்கு. யாரு ஊத்துனது?"

"தெரியலையே" என்றேன்.

கரடி பெருமூச்சு விட்டார். "அவங்களே ஊத்திக்கிட்டாங்க போல. பாவம், சொல்லாத, மனசு கஷ்டப்படும். விக்கப் போற வண்டிதானே. புது ரப்பருக்குச் சொல்லி விடறேன்."

அந்த ரப்பரைக் குப்பையில் போடச் சொன்னார். நான் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

தெரியலையே. எவ்வளவு சுலபமா வந்துச்சு வாயில.

ஏப்ரல் 1, புதன்

வீட்டுக்காரர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சலா? மூணு நாளா என் தொப்பையப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே." ஒன்றுமில்லை என்றேன். இன்றைக்கு ஊரையே ஏமாற்றலாம் என்கிற நாள். வருஷா வருஷம் யாரையாவது அலற விடுவேன். இந்த வருஷம் அதுக்கும் கை வரவில்லை.

சொல்லிவிடலாம். சொன்னால்? அண்ணி கை உடைந்தது என்னால், ஆர்டர் போனது என்னால். சொல்லாவிட்டால் வண்டி போய்விடும், கதை முடிந்துவிடும், யாருக்கும் தெரியாது. ஆனால் அண்ணி சாகிற வரைக்கும் தன் விரலைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பாங்க. ஊசியில் நூல் கோர்க்கும்போதுகூட.

ஏப்ரல் 4, சனி

அண்ணி வீட்டுக்கு வண்டியைப் பார்க்க ஒரு அம்மா வந்தாங்க. மாட்டு டாக்டர். "எங்கிட்ட ஒரு எருமை இருக்கு டாக்டர், அதையும் பாருங்க" என்று ஆரம்பித்தேன், பாதியில் நின்றுவிட்டது.

டாக்டர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, "நல்ல வண்டியாச்சே, ஏன் விக்கறீங்க?" என்று கேட்டாங்க. அண்ணி மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாங்க: "வண்டி மேல ஒரு குத்தமும் இல்லம்மா. எனக்குத்தான் கை போச்சு."

அதுக்கு மேல என்னால முடியல. "கை போகல அண்ணி. நான்தான் கிளட்ச்ல தப்பான எண்ணெய ஊத்திட்டேன்"னு சொல்லிட்டேன்.

அண்ணி சிரிச்சாங்க! "பாத்தீங்களா டாக்டர், என் நாத்தனார. எனக்கு மனசு ஆறணும்னு பழிய அவ தலையில போட்டுக்கறா. இவ பேச்ச நம்பாதீங்க, எப்பவும் விளையாட்டுதான்." நிஜம் அண்ணி, சத்தியமா அண்ணி என்கிறேன், "போடி" என்கிறாங்க. நாற்பத்தாறு வருஷம் விளையாடினதுக்கு இதுதான் கூலி. ஒரு தடவை நிஜம் சொன்னால் வாங்க ஆளில்லை.

பையிலிருந்து ரப்பரை எடுத்து அண்ணி உள்ளங்கையில் வைத்தேன். கரடி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

டாக்டர் செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் இன்னொரு நாள் வரேன்" என்று போய்விட்டாங்க.

அண்ணி ரப்பரை அமுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாங்க. "எப்போ தெரியும் உனக்கு?"

"போன சனிக்கிழமை."

"ஏழு நாள்." ரப்பரை என் கையில் திருப்பி வைத்தாங்க. "ஊத்தினது தெரியாம. அத விடு. இந்த ஏழு நாளும் நான் கையப் பாத்துப் பாத்து அழுதேன்டி. ரிட்டையர்மென்ட் குடுங்கன்னு நீ வேற சொன்னே. தெரிஞ்சதுக்கப்புறமும் ஒரு வார்த்தை சொல்லல."

"அண்ணி..."

"கிளம்பு."

ஏப்ரல் 5, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

அண்ணன் கடைக்கு வந்தான். நல்ல டயரைக் காட்டி, காற்று இறங்குகிறது பார் என்றான். தண்ணீரில் முக்கிப் பார்த்தேன், ஒரு குமிழிகூட இல்லை. ரெண்டு பேரும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"திட்டறாங்களா?"

"உன் பேரையே எடுக்கல. திட்டினாத் தேவல." போகும்போது திரும்பி, "வண்டிய விக்க வேணாம்னுட்டா" என்றான். "காரணம் கேட்டேன். வண்டியும் சரி, கையும் சரி, நான் ஏன் விக்கணும்னு கேக்கறா."

அவன் தெருமுனை தாண்டும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் உள்ளே போய் டியூப் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். நல்லாத்தான் இருந்தது.

ஏப்ரல் 27, திங்கள்

மாவுக்கட்டு பிரித்தாச்சாம். அண்ணன் சொன்னான். கை பல்லி மாதிரி வெளுத்து ஒல்லியாக இருக்கிறதாம். எனக்கு ஆயிரம் கிண்டல் தோன்றியது. விழுங்கினேன்.

மே 3, ஞாயிறு

காலையில் கடை ஷட்டரைத் தூக்கினால் எதிரே அண்ணி. அண்ணன் வெட்டுக்கிளியை வேனிலிருந்து இறக்கிக்கொண்டிருக்கிறான்.

"கரடி புது ரப்பர் போட்டுட்டார். எண்ணெய் ஊத்திக் குழாய்ல இருக்கற காத்த எடுக்கணும், அது ரெண்டு ஆள் வேலை. அவர் ஊருக்குப் போயிட்டார்" என்று அண்ணி சுவரைப் பார்த்துச் சொன்னாங்க. "நான் ஊத்தறேன். நீ லிவர அமுக்கு. பாட்டில் பக்கம் வந்தே, கைய ஒடிச்சிடுவேன்."

அமுக்கு. விடு. அமுக்கு. விடு. அரை மணி நேரம் இந்த ரெண்டு வார்த்தைதான். குழாயில் குமிழி வந்துகொண்டே இருந்தது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அண்ணி மூடியைக் கையில் எடுத்து, அதன் மேல் புடைத்திருந்த எழுத்தைத் தடவினாங்க.

"இதுலயே எழுதியிருக்கான் பாரு. இந்த எண்ணெய் மட்டும்தான் ஊத்தணும்னு."

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது அண்ணி."

"யாரையாவது கேக்கறதுக்கு என்ன?"

நான் லிவரைப் பிடித்தபடியே நின்றேன். "கேட்டா சிரிப்பாங்க."

அண்ணி என்னைப் பார்த்தாங்க. ஒரு மாசத்துக்கு அப்புறம் இப்போதுதான் முகத்தைப் பார்த்தாங்க. "ஆமா, நானே சிரிச்சிருப்பேன்" என்று சொல்லி மூடியை மாட்டினாங்க. "கேட்டிருக்கலாம்ல."

லிவர் கெட்டியாக இருந்தது. விட்டதும் டக்கென்று திரும்பி வந்தது. டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கிளம்பிட்டாங்க.

மே 17, ஞாயிறு

குவாரியில் இன்றைக்கு அண்ணி ஏறினாங்க. பெரிய பாறை இல்லை, முழங்கால் உயரம்தான். மூன்று சுற்று. நான்தான் எண்ணினேன். "எட்டு தடவை ஊணுனீங்க" என்றேன். "ஒம்பது. எனக்கு இரக்கம் காட்டற வேலையெல்லாம் வேணாம்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாங்க. விரல் மட்டும் கச்சிதம். நூல் அளவு, அவ்வளவுதான் நகர்ந்தது.

மாட்டு டாக்டரும் வந்திருந்தாங்க. வேறு யாரிடமோ பழைய வண்டி ஒன்று வாங்கியிருக்காங்க. எல்லாரும் நிழலில் உட்கார்ந்திருக்கும்போது, கிளட்ச்சுக்கு என்ன எண்ணெய் ஊத்தணும் என்று பொதுவாகக் கேட்டாங்க. கரடி வாயைத் திறக்கப் போனார். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினாங்க.

"இவரக் கேக்காதீங்க டாக்டர். அதோ அவளக் கேளுங்க. அந்த விஷயத்துல இங்க அவளத் தாண்டி ஆள் கிடையாது."

கரடி தொடையில் அடித்துச் சிரித்தார். டாக்டர் கையால் வாயைப் பொத்திக்கொண்டாங்க. அண்ணி மட்டும் சிரிக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாங்க, நான் என்ன செய்கிறேன் என்று.

நான் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு டாக்டர் வண்டிக்குப் போனேன். மூடியைப் பார்த்தேன். எழுத்து இருந்தது.

"அண்ணி, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"தோ வரேன்" என்று எழுந்தாங்க.