மைனி தனியாக இல்லை

நாள் 118, 16:40

பதிவு செய்பவன் பரிதி, உயிர்காப்புப் பொறியாளர். நிலவின் தென்முனை நிலையம். ஆட்கள் இருவர். கூடங்கள் இரண்டு, முன்கூடமும் பின்கூடமும்.

அழுத்தம் சரி. ஆக்சிஜன் சரி. கரியமில உறிஞ்சி சரி. கசிவுக் காதுகள் பன்னிரண்டும் வேலை செய்கின்றன. அதுதான் தொல்லை.

காது என்றால் சுவரில் பதித்த ஒலிவாங்கி. காற்று எங்காவது கசிந்தால் நமக்குக் கேட்காத மெல்லிய சீழ்க்கை எழும். அதைப் பிடித்து மணியடிப்பது அதன் வேலை. ஆனால் எலி சிரித்தாலும் அதே சுருதியில்தான் சத்தம் வருகிறது. ஆமாம், எலி சிரிக்கும். வயிற்றில் கிச்சுகிச்சு மூட்டினால் சிரிக்கும். பின்கூடத்தில் உயிரியலாளர் வெரோனிக்கா அக்கா தினமும் 16:10க்கு அதைத்தான் செய்கிறார்.

எலிச் சோதனை தொண்ணூறாம் நாளே முடிந்தது. இரண்டையும் கொன்று உறையவைக்க உத்தரவு. ஆனால் அக்கா அவற்றுக்குப் பெயர் வைத்து வளர்க்கிறார். மைனி, சம்மந்தி. தூத்துக்குடியில் அவர் வீட்டுக்கு வந்து வம்பளக்கும் அண்ணி, சம்பந்தி இருவரின் சாயலாம்.

இன்றைய உள்தொடர்பு:

"ஏல பரிதி, ஒன் மிஷினு கத்துது பாரு. எம்பிள்ளைய சிரிக்கித சத்தம் கேட்டு பயந்துட்டு."

"அக்கா, அது எலி. நிறுத்துங்க."

"எலிதாம்ல. சம்மந்தி மல்லாந்துகிட்டு இன்னும் இன்னும்னு கேக்கா, நா என்ன செய்ய? நீயும் வா, ஒனக்கும் மூட்டிவிடுதேன்."

"எனக்கு வேலை இருக்கு."

"கேட்டியா மைனி? இவன் தாலி கட்டும்போதுகூட அழுத்தமானியப் பாத்துட்டுதான் கட்டுவான்."

நாள் 121, 16:30

மூன்று நாளில் ஐந்து பொய் மணி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கூடங்களையும் தடவிப் பார்க்க நாற்பது நிமிடம். போதும். பின்கூடத்துக் காதுகள் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அந்தச் சுருதிச் சத்தத்தைக் கண்டுகொள்ளாமல் விடும்படி மாற்றிவிட்டேன். ஆறு நிமிட வேலை. தரைக் கட்டுப்பாட்டுக்குச் சொல்லவில்லை. சொன்னால் படிவம் அனுப்புவார்கள்.

16:10க்கு மணி அடிக்கவில்லை. நிம்மதி.

நாள் 126, 18:30

16:22க்குப் பின்கூடத்தில் அழுத்தம் சரிந்தது. ஜன்னல் சட்டத்தின் ஒட்டு பிளந்துவிட்டது. இடைக்கதவு தானாக மூடும். ஒன்பது நொடி அவகாசம். நான் ஆறாவது நொடியில் கதவருகே இருந்தேன். அக்கா ஓடி வந்தார். கையில் எலிப்பெட்டி. அதை முதலில் நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கினேன்.

கதவு மூடியது.

உள்தொடர்பு, 16:23:

"பெட்டி வந்துட்டா?"

"வந்துடுச்சுக்கா."

"ரெண்டையும் பிரிச்சிராதல. ஒத்தையில கெடந்தா செத்துரும்."

அவ்வளவுதான். அந்தப் பக்கம் இப்போது காற்று இல்லை.

பெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் பிடித்திருக்கலாம். எனக்குக் கை இரண்டுதான். இரண்டிலும் பெட்டி இருந்தது.

நாள் 127, 10:15

தரைக் கட்டுப்பாட்டில் ஜமீலா மேடம்:

"பரிதி, மீட்புக் கலம் நூத்தம்பத்தாறாம் நாள்தான் வரும். அதுக்கு முன்னாடி கொண்டுவர வழியே இல்ல. உறிஞ்சி எவ்வளவு தாங்கும்?"

பெரிய உறிஞ்சி பின்கூடத்தோடு போய்விட்டது. இங்கே இருப்பது அவசர உறிஞ்சி. நேற்றிலிருந்து கணக்கிட்டால் ஒரு ஆளுக்கு முப்பத்தொரு நாள். கலம் வர முப்பது நாள். இரண்டு எலிகள் சேர்ந்து விடும் மூச்சு ஒரு ஆளின் மூச்சில் இருபதில் ஒரு பங்கு. சின்னதுதான். ஆனால் அதையும் சேர்த்தால் கலம் வருவதற்கு அரை நாள் முன்பே தீர்ந்துவிடுகிறது.

"அப்ப எலிங்கள முடிச்சிடுப்பா. மனசு கஷ்டமாதான் இருக்கும்."

"எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல மேடம்."

"இன்னொண்ணு. பின்கூடத்துக் காது ஏன் அடிக்கல?"

"தெரியல மேடம்."

காதுகளின் மூலப்பதிவு அழியாது. எடுத்துக் கேட்டேன். சுருதியைக் கீழிறக்கி ஒலிபெருக்கியில் போட்டால் நமக்கும் கேட்கும். காது பதினொன்று. நாள் 122 முதல் ஒரே சீரான சீழ்க்கை, நாளுக்கு நாள் பெரிதாக. நான்கு நாள் கத்தியிருக்கிறது. அதன் வாயைக் கட்டியவன் நான்.

நாள் 128, 16:30

எலிகள் சாப்பிடவில்லை. கண்ணிலிருந்து சிவப்பாக வடிகிறது. ரத்தமில்லை, பயந்த எலிக்கு அப்படி வரும் என்று அக்காவின் குறிப்பேட்டில் இருக்கிறது. நான் விரலை விட்டு வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். விறைத்துக்கொண்டன. சிரிப்பு இல்லை.

கையை எடுத்து, பெட்டியை மூடி, நாற்காலிக்கு வந்துவிட்டேன். 16:10க்கு முன்கூடத்தின் மூன்றாம் காது அடித்தது. கசிவு என்று குதித்தேன். இல்லை. சம்மந்தி மல்லாந்து கிடந்தது. நான்கு காலும் காற்றில். வயிறு உள்ளே குழிந்து குழிந்து எழுந்தது. ஒலிபெருக்கியில் கிளுகிளுவென்று அந்தச் சத்தம். அது முடிந்ததும் மைனியின் முறை.

விளக்கம் இருக்கிறது. பழகிய நேரம் வந்தால் எலி எதிர்பார்த்தே சிரிக்கும். குறிப்பேட்டிலும் இருக்கிறது.

மல்லாந்தும் கிடக்குமா என்று அதில் இல்லை.

நாள் 130, 12:20

கணக்கைத் திரும்பப் போட்டேன். இரண்டையும் கொல்லத் தேவையில்லை. இன்றைக்குள் ஒன்று போனால் கலம் வந்து மூன்றரை மணி நேரம் வரை தாங்கும். பிரிக்காதே என்றார் அக்கா. நான் பிரிக்கவில்லை. பாதி உத்தரவு, பாதி வாக்கு. இதைவிட நியாயமாக ஒரு கணக்குப் போட முடியாது.

நைட்ரஜன் பையில் சம்மந்தியை விட்டேன். இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. சுலபமான வேலை.

மைனி பெட்டியின் நான்கு மூலையையும் மோந்து பார்த்துவிட்டு முதல் மூலைக்கே வந்தது. மறுபடியும் நான்கு மூலை. மறுபடியும்.

நாள் 131, 16:45

மைனி இன்று செத்துவிடும் என்று நினைத்தேன். காலையில் உருண்டையாகச் சுருண்டு கிடந்தது.

16:10. காது மூன்று.

சிரித்தது. பிறகு சாப்பிட்டது. பிடரி மயிர் கலைந்து, விரலால் கோதிவிட்டது போல வகிடு எடுத்திருந்தது. எலியால் தன் பிடரியை அப்படிக் கோத முடியாது.

நாள் 132, 17:30

உறிஞ்சி அளவு தவறு. நேற்று 16:10 முதல் இரட்டிப்பாகக் காட்டுகிறது. மாற்று அளவுமானியை வைத்தேன். அதே எண். உறிஞ்சியின் தீர்ந்த குப்பியை எடைபோட்டேன். ஒரு ஆளின் மூச்சுக்கு இவ்வளவு எடை ஏறாது. ஆக்சிஜனும் அதே வேகத்தில் இறங்குகிறது.

"பரிதி, எங்களுக்கும் அப்படித்தான் வருது. இது ரெண்டு ஆளுக்கான அளவுப்பா."

"தெரியும் மேடம்."

"நீ பதட்டத்துல வேகமா மூச்சு விடுறியோ என்னவோ. மாத்திரை போட்டுட்டுத் தூங்கு, நாங்க இங்கேருந்து பாக்குறோம்."

தூங்கினேன். ஆறு மணி நேரம். எழுந்து கேட்டேன்.

"குறையல. இன்னொரு தடவை உறிஞ்சியப் பாரு."

உறிஞ்சியில் ஒன்றும் இல்லை. நான்தான் அதை மாட்டியவன். எனக்குத் தெரியாதா?

இந்த வேகத்தில் போனால் உறிஞ்சி நாள் 143 வரைதான்.

நாள் 135, 16:40

மேடத்திடம் சொல்லிவிட்டேன். காதுகளை மாற்றியது, ஆறு நிமிடம், படிவம், பதினொன்றாம் காது, எல்லாம்.

"பதிவாயிடுச்சு, பரிதி."

"அவங்க வீட்டுல சொல்லுங்க."

"சொல்றேன்."

சொல்லிவிட்டால் குறையும் என்று நினைத்தேன். 16:10 வரை அளவுமானி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

குறையவில்லை. மைனி சிரித்தது.

நாள் 140, 16:15

இன்று பெட்டியைத் திறந்துவிட்டேன். மைனி வெளியே வந்தது. என்னிடம் வரவில்லை. என் நாற்காலியைத் தாண்டி அக்காவின் நாற்காலிக்குப் போனது. ஏறியது. இருக்கையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், காற்றில், ஒரு நிமிடம் நின்றது.

நிலவில் ஈர்ப்பு குறைவு. அதற்காக அவ்வளவு குறைவில்லை.

நாள் 143, 16:05

தலை பிளக்கிறது. எழுத்து தப்பினால் சரிசெய்து படிக்கவும். மேடம் பேசிக்கொண்டே இருக்கிறார். அசையாமல் படு, பேசாதே, எழுதாதே. எலியை என்ன செய்தாய் என்று இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை.

கண்டெடுப்பவருக்கு. கருவிகள் எல்லாம் சரியாக வேலை செய்கின்றன. கருவியைக் குறை சொல்லாதீர்கள்.

16:10. காது மூன்று. மைனி மல்லாந்துவிட்டது.

16:12. மணியை நிறுத்திவிட்டு ஒலியை மட்டும் வைத்தேன். என் மூச்சை அடக்கிக்கொண்டேன். சிரிப்பு. அதற்கடியில் மைனியின் மூச்சு, படபடவென்று. அதற்கும் அடியில் இன்னொன்று. நிதானமாக. கடிகாரம் வைத்து எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினான்கு.

கேட்டேன். வாய்விட்டே கேட்டேன். "அக்கா, கொஞ்சம் மெதுவா மூச்சு விடுங்க."

மறுபடியும் எண்ணினேன். பதினான்கு.

16:20. உறிஞ்சி இன்னும் ஆறு மணி நேரம். ஒருவனுக்கு என்றால் பன்னிரண்டு.